வாடகைதாரரின் பெயரும் நீதிமன்றப் பதிவேடும்



வாடகைச் சட்டம் என்றதும் வாடகை உயர்வு, அட்வான்ஸ் தொகை, காலி செய்ய எத்தனை மாதம் அவகாசம் என்பவைதான் நம் நினைவுக்கு வரும். நான் இன்று பேச வந்தது வழக்கு முடிந்த பிறகு தொடங்கும் ஒரு சங்கடத்தைப் பற்றி. வழக்கு தள்ளுபடியாகிறது. அல்லது இரு தரப்பும் சமரசமாகிவிடுகிறார்கள். குடியிருப்பவர் பாக்கியைக் கட்டிவிட்டு அதே வீட்டில் இருக்கிறார். ஆனாலும், காலி செய்யச் சொல்லி இவர் மீது வழக்குப் போடப்பட்டது என்ற பதிவு நீதிமன்றக் கணினியில் அப்படியே கிடக்கிறது. அவர் வேறு வீடு தேடிப் போகும்போது, அவருக்கு முன்பாகவே அந்தப் பதிவு அங்கே போய்ச் சேர்ந்துவிடுகிறது. இந்தப் பதிவுகளைப் பொதுப் பார்வையிலிருந்து மூடிவைக்க வேண்டும் என்ற கோரிக்கை அமெரிக்காவில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இருந்துவருகிறது. பல மாநிலங்கள் சட்டம் இயற்றியிருக்கின்றன. அவற்றில் எது பலித்தது, எது பலிக்கவில்லை என்பதை எடுத்துச் சொல்வதே என் நோக்கம்.

முதலில் அளவைச் சொல்லிவிடுகிறேன். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் எவிக்‌ஷன் லேப் என்ற ஆய்வு மையம் நாடு முழுவதிலுமிருந்து நீதிமன்றப் பதிவுகளைத் திரட்டுகிறது. அதை நிறுவியவர் சமூகவியலாளர் மேத்யூ டெஸ்மண்ட். மில்வாக்கி நகரத்து ஏழைக் குடும்பங்களோடு வாழ்ந்து அவர் எழுதிய ‘எவிக்டட்’ 2016இல் வெளிவந்து மறுஆண்டு புலிட்சர் பரிசு பெற்றது. அந்த மையத்தின் மதிப்பீட்டின்படி, பெருந்தொற்றுக்கு முந்தைய சாதாரணமான ஓர் ஆண்டில் ஏறத்தாழ 36 லட்சம் வெளியேற்ற வழக்குகள் தாக்கலாகியிருக்கின்றன. 2007 முதல் 2016 வரையிலான ஆண்டுகளை ஆராய்ந்ததில், ஆண்டுக்கு 76 லட்சம் பேர் வெளியேற்றத்தின் அச்சுறுத்தலில் வாழ்ந்ததாகவும், அவர்களில் 29 லட்சம் பேர் குழந்தைகள் என்றும் தெரியவந்தது.

தாக்கலாகும் வழக்குகள் எல்லாம் வெளியேற்றத்தில் முடிவதில்லை. சிகாகோ நகரம் அடங்கிய குக் கவுண்டியில் 2014 முதல் 2017 வரை தாக்கலான வழக்குகளை ஆராய்ந்தவர்கள், அவற்றில் 39 சதவீதம் குடியிருப்பவருக்கு எதிரான உத்தரவு இல்லாமலேயே முடிந்தன என்று கண்டார்கள். மேரிலாந்து மாநிலத்தில் பெருந்தொற்றுக்கு முன் ஆண்டுக்கு 6 லட்சத்துக்கும் மேற்பட்ட வாடகை பாக்கி வழக்குகள் தாக்கலாயின. அந்த மாநிலத்தில் அத்தனை குடும்பங்கள் தெருவுக்கு வந்துவிடவில்லை. அப்போது வழக்குக் கட்டணம் மிகவும் குறைவாக இருந்தது. வாடகை சில நாட்கள் தாமதமானாலே மனுப் போட்டுவிடுவது அங்கே பெரிய அடுக்கக நிறுவனங்களின் வசூல் முறையாகிவிட்டிருந்தது. ஒரே வீட்டுக்காரர் ஒரே குடும்பத்தின் மீது ஓராண்டில் பல முறை வழக்குப் போடுவதும், ஒவ்வொரு முறையும் அந்தக் குடும்பம் வாடகையைத் தாமதக் கட்டணத்தோடும் நீதிமன்றச் செலவோடும் கட்டிவிட்டு அங்கேயே குடியிருப்பதும் வழக்கம். வீட்டுக்காரரைப் பொறுத்தவரை அது நினைவூட்டுக் கடிதம். குடியிருப்பவரின் பெயரிலோ ஒவ்வொரு முறையும் ஒரு வழக்கு ஏறுகிறது.

அந்தப் பதிவு எப்படிப் பயணப்படுகிறது என்று பார்ப்போம். மனு தாக்கலானதும் வழக்கு எண், நீதிமன்றம், தேதி, வீட்டுக்காரர் பெயர், குடியிருப்பவர் பெயர் ஆகியவை கணினியில் ஏறுகின்றன. வாடகைதாரர்களை விசாரித்துச் சொல்வதையே தொழிலாகக் கொண்ட நிறுவனங்கள் அந்தப் பட்டியலை மொத்தமாக வாங்குகின்றன, அல்லது நீதிமன்ற இணையதளத்திலிருந்து தாங்களே எடுத்துக்கொள்கின்றன. வீடு கேட்டு வருபவரிடம் விண்ணப்பக் கட்டணம் வாங்கி, அந்தப் பணத்திலேயே வீட்டுக்காரர் அவரைப் பற்றிய அறிக்கையை வாங்குகிறார். சில நிமிடங்களில் அறிக்கை வந்துவிடுகிறது. அதில் இருப்பது ஒரு வரி: பெயர், நீதிமன்றம், தாக்கலான தேதி, வழக்கு எண். ‘முடிவு’ என்ற கட்டம் பல அறிக்கைகளில் வெறுமையாக இருக்கும். வழக்கு ஏன் போடப்பட்டது என்பது பெரும்பாலும் இருக்காது. வாடகை பாக்கியா, கட்டடம் கைமாறியதா, கூரை ஒழுகுகிறது என்று நகராட்சியில் புகார் கொடுத்ததற்குப் பழிவாங்கலா என்று அந்த வரியைப் படிப்பவருக்குத் தெரிய வழியில்லை.

அந்த ஒரு வரியும் சரியாக இருக்கும் என்று சொல்ல முடியாது. வெளியேற்ற வழக்கின் மனுவில் பொதுவாகப் பிறந்த தேதி இருக்காது. சமூகப் பாதுகாப்பு எண்ணும் இருக்காது. பெயரை மட்டும் வைத்துப் பொருத்தினால் ஒரே பெயருள்ள வேறொருவரின் வழக்கு உங்கள் தலையில் விழும். பெயரை மட்டும் வைத்துப் பொருத்துவது சட்டப்படி தவறு என்று நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு 2021 நவம்பரில் அறிவுறுத்த வேண்டியிருந்தது. டெஸ்மண்டும் அவருடைய சகாக்களும் பன்னிரண்டு மாநிலங்களின் பல லட்சம் பதிவுகளைச் சோதித்து 2020இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். சராசரியாக 22 சதவீதப் பதிவுகளில் வழக்கின் முடிவு தெளிவில்லாமல் இருந்தது, அல்லது குடியிருந்தவரின் வரலாறு தவறாகக் காட்டப்பட்டிருந்தது. ஐந்தில் ஒன்றுக்கும் மேல்! இத்தகைய பதிவை ஏழு ஆண்டுகள் வரை அறிக்கையில் சேர்க்க 1970ஆம் ஆண்டின் நியாயமான கடன் அறிக்கைச் சட்டம் அனுமதிக்கிறது.

இங்கே சட்ட மாணவர்கள் சற்று நின்று கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. வீடு குடியிருக்கத் தகுந்த நிலையில் இருக்க வேண்டும், இல்லையென்றால் வாடகையை நிறுத்திவைக்கலாம் என்ற உரிமையை அமெரிக்க நீதிமன்றங்கள் 1970களில் ஏற்றன. 1970இல் வாஷிங்டன் நகரத்து ஜாவின்ஸ் வழக்கு, 1974இல் கலிஃபோர்னியாவின் கிரீன் வழக்கு இரண்டும் இதில் திருப்புமுனைகள். வாடகைதாரர் போராடி வென்ற உரிமைகளில் இதைவிடப் பெரியது அங்கே இல்லை என்பேன். ஆனால் இந்த உரிமையை அவர் எந்த இடத்தில் நிலைநாட்ட முடியும்? வாடகையை நிறுத்தினால் வீட்டுக்காரர் வெளியேற்ற வழக்குப் போடுவார். பெரும்பாலும் அந்த வழக்கில் எதிர்வாதமாகத்தான் இதைச் சொல்ல முடியும். ஆக, உரிமையைக் கையில் எடுத்த நாளே பெயர் பதிவேட்டில் ஏறிவிடுகிறது. வழக்கில் முழு வெற்றி கிடைத்தாலும் அடுத்த ஏழு ஆண்டுகளுக்கு வீடு கிடைப்பது அரிதாகலாம். இதை அறிந்த குடியிருப்பவர் ஒழுகும் கூரையின் கீழே வாயை மூடிக்கொண்டு வாடகையைக் கட்டுவார். சட்டம் ஒரு கையால் கொடுத்ததை நீதிமன்றத்தின் பதிவேடே மறுகையால் பறித்துக்கொள்கிறது. பதிவுகளை மூட வேண்டும் என்பதற்கு வறுமையையும் இரக்கத்தையும் காரணமாகச் சொல்பவர்கள் உண்டு, அவையும் நியாயமானவைதான். எனக்கு இந்தக் காரணம் மட்டுமே போதும்.

இனி கலிஃபோர்னியாவின் கதைக்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

வழக்கில் வீட்டுக்காரர் வென்றிருந்தால் ஒழிய, அந்த வழக்கைப் பற்றி அறிக்கை நிறுவனங்கள் யாருக்கும் சொல்லக் கூடாது என்று அந்த மாநிலம் சட்டம் செய்திருந்தது. கேட்பதற்கு நியாயமான ஏற்பாடு. ஆனால் வெளியேற்ற வழக்குப் பட்டியல்களை விற்றுவந்த யு.டி. ரெஜிஸ்ட்ரி என்ற நிறுவனம் அதை எதிர்த்து வழக்காடியது. பொது ஆவணத்திலிருந்து சட்டப்படி பெற்ற உண்மையான தகவலைச் சொல்லக் கூடாது என்று தடுப்பது அரசியலமைப்பின் முதல் திருத்தம் காக்கும் பேச்சுரிமைக்கு எதிரானது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 1995இல் தீர்ப்பளித்தது. அந்தத் தடை செல்லாமல் போனது.

வாடகைதாரர்களுக்கு அது தோல்விதான். என்றாலும் வழியைத் தெளிவாக்கிய தோல்வி. வெளியே வந்துவிட்ட தகவலை வாய்விட்டுச் சொல்லாதே என்று அந்த நாட்டில் தடுப்பது கடினம். ஆனால் தகவல் வெளியே வருவதற்கு முன் அது நீதிமன்றத்தின் கையில்தானே இருக்கிறது? அந்த வாசலை நீதிமன்றமே சாத்திக்கொள்ளலாம். 1991லேயே இதற்கான பிரிவு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் நுழைந்துவிட்டது. வழக்குத் தாக்கலானதும் சில நாட்களுக்குப் பதிவு பொதுமக்கள் பார்வைக்குக் கிடைக்காது என்றது அது. பின்னர் அந்தக் காலம் 60 நாட்களாக நின்றது. அந்த 60 நாட்களுக்குள் குடியிருப்பவர் வென்றால் பதிவு மூடியே இருக்கும். இல்லாவிட்டால் 61ஆம் நாள் தானாகத் திறந்துகொள்ளும். வழக்கு இழுத்துக்கொண்டே போனாலும் திறக்கும். சமரசப் பேச்சு நடந்துகொண்டிருந்தாலும் திறக்கும். வீட்டுக்காரர் வழக்கை நடத்தாமல் போட்டுவிட்டுப் போனாலும் திறக்கும்.

சான் பிரான்சிஸ்கோவிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட சட்டமன்ற உறுப்பினர் டேவிட் சியூ 2016இல் கொண்டுவந்த ஏ.பி. 2819 என்ற மசோதா இந்த ஏற்பாட்டை அப்படியே புரட்டிப்போட்டது. 2017 ஜனவரி 1 முதல் பதிவு மூடியே இருக்கும் என்பது விதி. 60 நாட்களுக்குள் வீட்டுக்காரர் வென்றால் அல்லது பின்னர் விசாரணையில் வென்றால் மட்டும் திறக்கலாம் என்பது விலக்கு. குடியிருப்பவர் எதுவும் செய்ய வேண்டியதில்லை. மனு எழுத வேண்டாம், கட்டணம் கட்ட வேண்டாம், வக்கீல் வைக்க வேண்டாம். ‘நான் வென்றேன்’ என்று நிரூபிக்கும் சுமை குடியிருப்பவரிடமிருந்து இறங்கி, ‘நான் வென்றேன்’ என்று காட்டும் சுமை வீட்டுக்காரர் மேல் ஏறியது. நான் அறிந்தவரை இந்தத் துறையில் இதைவிடச் சிறப்பாக வரையப்பட்ட சட்டம் வேறில்லை.

மற்ற மாநிலங்களை விரைவாகப் பார்த்துவிடலாம். கொலராடோ 2020இல் கலிஃபோர்னியாவின் வழியிலேயே சென்றது. வீட்டை ஒப்படைக்க உத்தரவு வரும்வரை பதிவு மறைவாக இருக்கும். மின்னசோட்டாவில் 2024 ஜனவரி 1 முதல் இறுதித் தீர்ப்புக்கு முன் பதிவைப் பொதுமக்கள் பார்க்க முடியாது. தீர்ப்பு வந்த வழக்கின் பதிவும் மூன்று ஆண்டுகளில் நீக்கப்பட வேண்டும். நியூயார்க் வேறு வழி பிடித்தது: பழைய வாடகை வழக்கைக் காரணம் காட்டி வீடு மறுக்கக் கூடாது என்று 2019 ஜூனில் சட்டம் செய்தது. நல்ல விதிதான். ஆனால் வீட்டுக்காரர் என்ன காரணத்துக்காக மறுத்தார் என்று வீடு கிடைக்காதவர் எப்படி நிரூபிப்பார்? தகவலைக் கண்ணில் காட்டிவிட்டு அதை மனதில் கொள்ளாதே என்று சொல்வது பலவீனமான பாதுகாப்பு.

மாசச்சூசெட்ஸில் பல ஆண்டுப் போராட்டத்துக்குப் பிறகு ஆளுநர் மோரா ஹீலி 2024 ஆகஸ்டில் கையெழுத்திட்ட வீட்டுவசதிச் சட்டத்தில் பதிவுகளை மூடும் பிரிவு சேர்ந்தது. 2025 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. குடியிருப்பவர் மேல் குற்றம் இல்லாத வழக்கு என்றால் வழக்கு முடிந்ததும் விண்ணப்பிக்கலாம். வாடகை பாக்கி வழக்கு என்றால் நான்கு ஆண்டுகள் கழித்து, மற்றக் குற்றச்சாட்டுகள் என்றால் ஏழு ஆண்டுகள் கழித்து. அந்தப் போராட்டத்தை நடத்தியவர்களை மதிக்கிறேன். ஆனால் விண்ணப்பித்தால்தான் மூடுவோம் என்ற அடிப்படையை என்னால் ஏற்க முடியவில்லை.

ஏன் என்று சொல்கிறேன். வாடகை நீதிமன்றத்தின் தாழ்வாரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்காரர்கள் தரப்பில் ஒரே வக்கீல் கையில் கோப்புகளோடு நின்று ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுகிறார். வேலையிலிருந்து அரை நாள் விடுப்புப் பெற்று, இடுப்பில் குழந்தையோடு வந்திருக்கும் ஒரு பெண் எழுந்து போகிறார். ‘இத்தனை டாலரை இந்தத் தேதிக்குள் கட்டிவிடுகிறேன் என்று இதில் கையெழுத்துப் போடுங்கள்’ என்று ஒரு தாள் நீட்டப்படுகிறது. சில நிமிடங்களில் முடிந்துவிடுகிறது. அவருக்கு வக்கீல் இல்லை. அமெரிக்காவில் வீட்டுக்காரர்களில் பத்தில் எட்டுப் பேருக்கு வக்கீல் இருக்கிறார், குடியிருப்பவர்களில் நூறில் நான்கைந்து பேருக்குத்தான் இருக்கிறார். இந்தப் பெண் சில ஆண்டுகள் கழித்து, தன் பெயரில் ஒரு பதிவு இருக்கிறது என்று அறிந்து, அதை மூட ஒரு வழி உண்டு என்று கேள்விப்பட்டு, படிவத்தைத் தேடி எடுத்து நிரப்பி, மீண்டும் அரை நாள் விடுப்பெடுத்து வந்து நிற்பார் என்று எதிர்பார்க்கிறது சட்டம். குற்றவியல் பதிவுகளில் இதைக் கணக்கிட்டே பார்த்திருக்கிறார்கள். மிச்சிகன் மாநிலத்தில் பழைய தண்டனைப் பதிவை நீக்கிக்கொள்ளத் தகுதி பெற்றவர்களில், தகுதி கிடைத்த ஐந்து ஆண்டுகளுக்குள் நீக்கிக்கொண்டவர்கள் 6.5 சதவீதம் மட்டுமே என்று பிரெஸ்காட், ஸ்டார் என்ற இரு பேராசிரியர்கள் காட்டினார்கள். மீதிப் பேருக்கு அந்த உரிமை காகிதத்தோடு நின்றுவிட்டது.

இன்னொரு காரணமும் உண்டு. பதிவு வெளியே வந்த நாளிலேயே நகல்கள் போய்விடுகின்றன. பிறகு நீதிமன்றம் தன் பிரதியை மூடினாலும் நிறுவனங்களின் கையில் இருப்பது அப்படியே இருக்கும். டிரான்ஸ்யூனியன் நிறுவனத்தின் வாடகை விசாரணைப் பிரிவு, நீதிமன்றம் மூடிவிட்ட பதிவுகளையும் அறிக்கையில் சேர்த்தது, ஒரே வழக்கைப் பல வழக்குகளாகக் காட்டியது என்பன போன்ற குற்றச்சாட்டுகளை இரண்டு மத்திய அமைப்புகள் சுமத்தின. 2023 அக்டோபரில் 1.5 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டு அந்த நிறுவனம் அதை முடித்துக்கொண்டது. ஆகவே மூடுவதென்றால் தாக்கலாகும் நாளிலேயே மூட வேண்டும்; அதுவும் தானாக நடக்க வேண்டும். என் வாதம் முழுவதும் இந்த ஒன்றில் அடங்கும்.

மறுதரப்பைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. ஓய்வூதியத்தோடு மாடி வாடகையையும் நம்பி வாழும் முதியவருக்கு, வருகிறவர் எப்படிப்பட்டவர் என்று தெரிந்துகொள்ளும் உரிமை இல்லையா? உண்டு. கலிஃபோர்னியாவிலும் கொலராடோவிலும் வீட்டுக்காரர் வென்ற வழக்குகள் திறந்தே இருக்கின்றன. மறைவது நிரூபிக்கப்படாத குற்றச்சாட்டு மட்டுமே. வருமானச் சான்று, முந்தைய வாடகை ரசீதுகள், முன்பு குடியிருந்த வீட்டின் உரிமையாளரோடு ஒரு தொலைபேசிப் பேச்சு ஆகியவை அந்த ஒற்றை வரியைவிட எவ்வளவோ அதிகம் சொல்லும்.

இரண்டாவது எதிர்வாதம் இதைவிடக் கடுமையானது. தகவலை மறைத்தால் வீட்டுக்காரர்கள் தோலின் நிறத்தைப் பார்த்துத் தீர்மானிக்கத் தொடங்குவார்கள் என்பது அது. இது வெறும் ஊகமல்ல. வேலை விண்ணப்பத்தில் குற்றப் பின்னணி பற்றிய கேள்வியை நீக்கும் சட்டங்கள் வந்தபோது, நியூஜெர்சியிலும் நியூயார்க் நகரத்திலும் சுமார் 15,000 கற்பனை விண்ணப்பங்களை அனுப்பிச் சோதித்தார்கள் அமாண்டா ஆகன், சோன்யா ஸ்டார் என்ற ஆய்வாளர்கள். கேள்வி இருந்த காலத்தில் வெள்ளையர் பெயருள்ள விண்ணப்பங்களுக்குக் கறுப்பினத்தவர் பெயருள்ளவற்றைவிட 7 சதவீதம் கூடுதலாக அழைப்பு வந்தது. கேள்வி நீங்கிய பிறகு அந்த இடைவெளி 43 சதவீதமானது. 2018இல் வெளிவந்த இந்த முடிவைக் கண்டும் காணாமல் போக முடியாது.

ஆனால் வெளியேற்ற வழக்கில் பதிவேடே நிறம் பார்க்காத ஒன்றாக இல்லை. அமெரிக்காவில் வாடகைக்கு இருக்கும் வயதுவந்தோரில் கறுப்பினத்தவர் ஐந்தில் ஒரு பங்கு. வழக்குப் போடப்பட்டவர்களில் அவர்கள் மூன்றில் ஒரு பங்கு. பாகுபாடு ஏற்கெனவே அந்தப் பதிவுக்குள் உட்கார்ந்திருக்கிறது. அதைத் திறந்துவைப்பது பாகுபாட்டுக்கு மருந்தாகாது. 1968ஆம் ஆண்டின் நியாயமான வீட்டுவசதிச் சட்டத்தை முறையாக அமலாக்குவதே அதற்கு மருந்து. பதிவை மூடும் சட்டம் அதனோடு சேர்ந்தே நடக்க வேண்டும்.

மூன்றாவது, நீதிமன்றம் திறந்திருக்க வேண்டும் என்ற கோட்பாடு. இதை நான் மனதார ஏற்கிறேன். மூடிய அறையில் நடக்கும் நீதியை யாரும் நம்பத் தேவையில்லை. ஆனால் விசாரணை திறந்த மன்றத்தில் நடப்பது வேறு. லட்சக்கணக்கான பெயர்களை மொத்தமாக அள்ளிக்கொண்டு போகவிடுவது வேறு. கலிஃபோர்னியாவில் மூடியிருக்கும் பதிவையும், வீட்டுக்காரர் ஒருவரின் பெயர், குடியிருப்பவர் ஒருவரின் பெயர், கதவு எண் வரையிலான முகவரி மூன்றையும் சொல்பவர் பார்க்கலாம். அதாவது அந்த வழக்கோடு உண்மையில் தொடர்புள்ளவருக்குக் கதவு திறக்கும். வலை வீசுபவருக்குத் திறக்காது. ஆய்வாளர்களுக்கும் செய்தியாளர்களுக்கும் தனி வழி வேண்டும். வழக்கு மேல் வழக்காகப் போடும் நிறுவனம் எது என்று ஊருக்குத் தெரிய வேண்டும். ஆகவே குடியிருப்பவரின் பெயர் மறைந்தாலும் வீட்டுக்காரரின் பெயரைக் கொண்டு தேட முடிய வேண்டும் என்பது என் கருத்து.

கடைசியாக நம் ஊருக்கு. நம்மிடம் அமெரிக்கா போன்ற வாடகை விசாரணைத் தொழில் இன்னும் வேரூன்றவில்லை. ஆனால் அதற்கு வேண்டிய சரக்கு தயாராக இருக்கிறது. மாவட்ட நீதிமன்ற வழக்குகளை இ-கோர்ட்ஸ் தளத்தில் கட்சிக்காரர் பெயரைக் கொண்டு யாரும் தேடலாம். வேலைக்கு எடுக்கும்முன் நீதிமன்றப் பதிவுகளைத் துழாவித் தரும் நிறுவனங்கள் இங்கே ஏற்கெனவே தொழில் நடத்துகின்றன. தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்து, வாடகை நீதிமன்றங்களும் இயங்குகின்றன. குற்ற வழக்கில் விடுதலையான ஒருவரின் பெயரைத் தீர்ப்பிலிருந்து மறைக்கச் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2024 பிப்ரவரியில் உத்தரவிட்டது. உச்ச நீதிமன்றம் அதே ஆண்டு ஜூலையில் அதை நிறுத்திவைத்தது. குற்ற வழக்கில் எழுந்த இந்தக் கேள்வி வாடகை வழக்குக்கும் வந்துசேர அதிக நாள் ஆகாது.

இந்த அவையில் இருக்கும் வழக்கறிஞர்களுக்கும் மாணவர்களுக்கும் என் வேண்டுகோள் இதுதான். வாடகை வழக்குகளில் தீர்ப்பு வரும்வரை குடியிருப்பவரின் பெயரைக் கொண்டு தேடும் வசதியை இணையதளத்தில் நிறுத்திவைக்கும்படி உயர் நீதிமன்றத்துக்கு ஒரு கோரிக்கை எழுதுங்கள். அதற்குப் புதிய சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. நிர்வாக அளவிலேயே செய்யக்கூடியது. அந்தப் பட்டியலை விலைக்குக் கேட்டு ஒரு நிறுவனம் வந்து நிற்பதற்கு முன்பே எழுதுங்கள்.